பள்ளிப் பிள்ளைகளும் அருங்காட்சியகமும்: வாசகர் கேள்வி – பதில்

பள்ளிகள் திறந்து முதல் மாதம் கழிந்ததும் கல்விச் சுற்றுலா பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை சென்னையின் வரலாற்று அருங்காட்சியகங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பற்றியவை என்பதால், அவற்றுக்கு மட்டும் இப்பகுதியில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 80 பேரை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு சென்ற பிள்ளைகள் எல்லாக் கூடங்களையும் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு வந்தார்கள். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தவிர வேறெதுவும் அவர்களுக்கு நினைவில்லை. இவ்வாண்டு பயனுள்ள முறையில் அமைய எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை ஒருவர், பெரம்பூர்

பதில்: பிள்ளைகள் மீது குறை இல்லை, அம்மா. எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் கொல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்துப் பழமையானது. இன்று 6 கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்கள் அங்கே இருக்கின்றன. பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் நடந்தாலும் அவற்றைக் கண்ணால் தடவிச் செல்ல முடியுமே தவிர, பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பதினொரு வயதுப் பிள்ளையை அரை நாளில் அத்தனை கூடங்களுக்குள்ளும் நடத்திச் சென்றால், எல்லாவற்றிலும் பெரிதாக இருந்த ஒன்று மட்டுமே மனத்தில் தங்கும் என்பது இயல்புதானே?

ஆகவே முதல் வேலை, எதைப் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்வது. உங்கள் வகுப்புப் பாடத்தோடு பொருந்தும் ஐந்தாறு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். மீதியை மனம் தளராமல் விட்டுவிடுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதையும் காட்டாமல் போவதா என்று உடன் வரும் ஆசிரியர்கள் கேட்பார்கள். அந்த நேரத்தில் உறுதியாக இருப்பதுதான் இந்தப் பொறுப்பில் மிகக் கடினமான பகுதி என்று நான் கருதுகிறேன். திமிங்கிலத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். பிள்ளைகள் அதை எதிர்பார்த்தே வருவார்கள் என்பதால், வேலைகளெல்லாம் முடிந்தபின் கடைசியாக அதன் முன்னால் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுப்பதற்கு நீங்கள் முன்கூட்டியே ஒருமுறை தனியாகச் சென்று வருவது இன்றியமையாதது. எந்தக் கூடம் பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டிருக்கிறது, நீங்கள் நினைத்திருக்கும் பொருள் எந்த அலமாரியில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அதன் முன்னால் எத்தனை பிள்ளைகள் ஒருவரையொருவர் மறைக்காமல் நிற்கலாம், குடிநீரும் கழிப்பறையும் எங்கே உள்ளன, உணவுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார எங்கே அனுமதிப்பார்கள் என்பவற்றை நேரில் பார்த்தால்தான் தெரியும். பார்வை நேரம் காலை 9.30 மணி முதல் மாலை 5 மணி வரை. வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாள்களிலும் அருங்காட்சியகம் இயங்காது. ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறையாக இருக்கும் என்று எண்ணி வெள்ளிக்கிழமையன்று பேருந்தை ஏற்பாடு செய்துவிடும் பள்ளிகள் உண்டு. அதே பயணத்தில் அலுவலகத்துக்கும் சென்று, மாணவர் குழுவுக்கான நுழைவுக் கட்டணத்தையும், தலைமையாசிரியரின் கடிதம் எந்த வடிவில் வேண்டும் என்பதையும், விளக்கிச் சொல்ல வழிகாட்டி கிடைப்பாரா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பில் பழைய கற்காலம் பாடமாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் கைக்கோடரியின் படத்தைப் பார்க்கும் பிள்ளை, அது ஏதோ வெளிநாட்டில் கிடைத்தது என்றே நினைத்துக்கொள்ளும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியாவின் பழைய கற்கால ஆய்வுக்குத் தொடக்கமாக அமைந்தது என்பதை, பல்லாவரம் வழியாகத் தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் சென்று வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். அதே ஆண்டில் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அவருக்குக் கருவிகள் கிடைத்தன. அங்கே பிற்காலத்தில் நடந்த அகழாய்வை அடிப்படையாகக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வு, அவற்றுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று கணித்தது. ஃபூட் ஆண்டுக்கணக்கில் சேகரித்த கருவிகள் 1904இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

கற்கருவிகள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி, உடனே விளக்கத்தைத் தொடங்கிவிடாதீர்கள். கருவியின் விளிம்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். குவார்ட்சைட் கல்லின் இரு பக்கங்களிலும் சில்லுகள் பெயர்த்தெடுக்கப்பட்ட பள்ளங்கள் அடுத்தடுத்து இருப்பதும், அவை சந்திக்கும் இடத்தில் கூர்மை உண்டாகியிருப்பதும், கையில் பிடிக்கும் பக்கம் தடித்து உருண்டிருப்பதும் இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் புலப்படும். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல் இப்படி ஆகுமா, எந்தக் கையால் பிடித்திருப்பார்கள், எதை வெட்டியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கத் தொடங்கினால், பதில்கள் பிள்ளைகளிடமிருந்தே வரும். ஒரு கருவிக்கு இருபது நிமிடம் செலவாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் பெரம்பூரிலிருந்து எழும்பூருக்கு வருகிறீர்கள்.

அடுத்தபடியாக ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைச் சேர்த்துக்கொள்ளலாம். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தாமிரபரணிக் கரையிலுள்ள அந்த இடுகாட்டில் 1899 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்தபோது கிடைத்த தாழிகளும் இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் இந்த அருங்காட்சியகத்தின் பெருஞ்செல்வங்கள். இறந்தவரோடு இரும்புக் கருவிகளையும் ஏன் வைத்தார்கள் என்ற கேள்வியோடு பிள்ளைகளை அங்கே விடுங்கள். வெண்கலச் சிலைகளைப் பற்றி அடுத்த கேள்விக்கான பதிலில் எழுதுகிறேன்.

80 பேரையும் ஒரே குழுவாக நடத்த வேண்டாம். பதினாறு பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியரையோ விவரமறிந்த பெற்றோரையோ பொறுப்பாக்கி, ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு கூடத்தில் தொடங்கிச் சுற்றிவருமாறு நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். கூடங்கள் தனித்தனிக் கட்டடங்களில் இருப்பதால் வெயிலில் நடக்கவேண்டி வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பொறுப்பாளர்கள் ஐவரும் முன்னதாகவே ஒருநாள் மாலையில் கூடி, அந்தந்தப் பொருளின் முன்னால் என்ன கேட்பது என்று பேசி வைத்துக்கொண்டால், ஒரு குழு நன்றாகப் பார்த்தது, மற்றொன்று வெறுமனே சுற்றியது என்ற நிலை வராது.

வினாத்தாள் தருவது பற்றியும் ஒரு சொல். பெயர்ப்பலகையில் உள்ள ஆண்டையும் ஊரையும் பார்த்து எழுதும் வினாக்களைக் கொடுத்தால் பிள்ளைகள் பலகையைத்தான் பார்ப்பார்கள், பொருளைப் பார்க்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, தமக்குப் பிடித்த ஒரு பொருளை வரைந்து வரச் சொல்லுங்கள். வரைவதற்குத் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும்; படம் அழகாக அமையாவிட்டாலும் பார்வை அமைந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வெண்கலச் சிலைக் கூடத்துக்குச் செல்வது பற்றிச் சில பெற்றோர் தயக்கம் தெரிவிக்கிறார்கள். வேறு சிலரோ, சாமியைக் காட்சிப் பொருளாக வைத்துப் பார்ப்பதா என்கிறார்கள். அந்தக் கூடத்தைத் தவிர்த்துவிடலாமா?
– தலைமையாசிரியர் ஒருவர், திருவொற்றியூர்

பதில்: தவிர்க்க வேண்டாம் ஐயா. இரு தரப்புப் பெற்றோரின் உணர்வும் மதிக்கத்தக்கதுதான். ஆயினும் உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத சோழர்காலச் செப்புத்திருமேனிகளை, பேருந்துப் பயணத் தொலைவிலேயே வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் பாராமல் வளர்வது பெரிய இழப்பு. அங்கே சைவ, வைணவத் திருமேனிகள் மட்டும் இல்லை. நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தப் படிமங்கள் இருக்கின்றன. சமணச் சிற்பங்களும் அமராவதிப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்களும் அதே வளாகத்தில் உள்ளன. இந்த மண்ணில் எத்தனை சமயங்கள் அருகருகே வாழ்ந்தன என்பதை ஒரே வளாகத்துக்குள் கண்ணால் காட்டிவிட முடியும் என்று பெற்றோருக்கு எழுதுங்கள். வணங்க விரும்பும் பிள்ளை அமைதியாகக் கைகூப்பிவிட்டு நகரட்டும். விரும்பாத பிள்ளையை யாரும் வற்புறுத்தக் கூடாது. இதைப் புறப்படுவதற்கு முன்பே வகுப்பில் சொல்லிவிட்டால் கூடத்துக்குள் சங்கடம் எழாது.

அங்கே பிள்ளைகளின் கவனத்தைத் தொழில்நுட்பத்தின் பக்கம் திருப்புவது மிகுந்த பலன் தரும். முதலில் தேன்மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் மண்ணை அப்பிக் காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, குளிர்ந்தபின் மண்ணை உடைத்துச் சிலையை எடுக்கும் முறையை வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஒரு வார்ப்பிலிருந்து ஒரு சிலைதான் கிடைக்கும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள். சுவாமிமலையில் இன்றும் இத்தொழில் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், பழங்கதையாகத் தோன்றியது உயிருள்ள தொழிலாகிவிடும்.

இரண்டு திருமேனிகளை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஒன்று திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர். கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். சிவனுடைய வலப் பாதிக்கு இரண்டு கைகளும் உமையினுடைய இடப் பாதிக்கு ஒரு கையும் வைத்த சிற்பி, இடுப்பின் வளைவையும் ஆடையின் நீளத்தையும் இரு பாதிகளுக்கும் வேறுவேறாக அமைத்திருந்தும், நிற்கும் உருவம் ஒன்றாகவே நமக்குத் தோன்றுகிறதே, அது எப்படி என்று கேளுங்கள். மற்றொன்று திருவாலங்காட்டு நடராசர். கோயில்களில் நடராசரைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளிடம், இங்கே என்ன இல்லை என்று கேட்டால் போதும். சுற்றிலும் இருக்க வேண்டிய நெருப்பு வளையமான திருவாசி இல்லை என்பதைக் கூர்மையான ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும். திருவாசி இல்லாததால்தான், தூக்கிய திருவடியும் வீசிய கையும் வெட்டவெளியில் நிற்பதுபோல் தெளிவாகத் தெரிகின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன், சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் திருமேனிகளைப் புகைப்படங்களில் பார்த்தே வியந்து எழுதினார். அக்கட்டுரை 1921இல் அச்சானது. அவருக்குப் புகைப்படம்தான் வாய்த்தது என்பதைப் பிள்ளைகளிடம் மறவாமல் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழும்பூரைவிடப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் பொருத்தமாக இருக்குமா?
– சமூக அறிவியல் ஆசிரியர், குரோம்பேட்டை

பதில்: பொருத்தமாக இருக்கும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தைப் படிக்கும் வகுப்புகளுக்கு நான் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் இடம் கிடைத்ததிலிருந்து சென்னையின் கதை தொடங்குவதாகப் பாடத்தில் படிக்கும் பிள்ளை, அந்தக் கோட்டைக்குள்ளேயே நின்று படிப்பது வேறு அனுபவம். 1680இல் கட்டி முடிக்கப்பட்ட புனித மேரி தேவாலயமும் அதே வளாகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் 1948 முதல் இயங்குகிறது. நாணயங்கள், படைக்கலங்கள், ஓவியங்கள் எனப் பல இருந்தாலும் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, சிற்பி தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய, திப்பு சுல்தானோடு போரிட்ட ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் சிலை. பிள்ளைகள் அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அவர்களைப் பீடத்தின் பக்கம் குனிந்து பார்க்க வையுங்கள். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்போது திப்பு சுல்தானின் இரு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அங்கே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளைவிடச் சிறிய வயதினர் அந்த இளவரசர்கள். இந்தக் காட்சியைச் செதுக்கி வைத்தவர்கள் எதைப் பெருமையாகக் கருதினார்கள், அதே நிகழ்ச்சியை மைசூரில் இருந்த ஒருவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். வரலாறு யாருடைய கையால் எழுதப்படுகிறது என்பதை ஒரு பாடவேளை முழுவதும் பேசினாலும் இவ்வளவு தெளிவாக உணர்த்த முடியாது. இரண்டாவது, 1947 ஆகஸ்ட் 15 அன்று அதே கோட்டையில் ஏற்றப்பட்ட மூவர்ணக் கொடி. சிலையைப் பார்த்த பின்னர் கொடியைப் பார்க்கும்படி வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இரண்டு செய்திகள். தலைமைச் செயலகமும் இராணுவ அலுவலகங்களும் உள்ள வளாகம் என்பதால் நுழைவாயிலில் சோதனை உண்டு. பள்ளி அடையாள அட்டைகளையும் முன்கடிதத்தையும் கையில் வைத்திருங்கள், சட்டமன்றக் கூட்டத்தொடர் நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் செலவு பேருந்தோடு முடியும். இங்கும் வெள்ளிக்கிழமை விடுமுறைதான். எழும்பூரையும் கோட்டையையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம், இரண்டும் கெட்டுவிடும்.

கேள்வி: எந்த மாதம் செல்வது நல்லது?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், அம்பத்தூர்

பதில்: வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை தேதி குறிக்க வேண்டாம், மழை விடுமுறையால் எல்லா ஏற்பாடும் குலையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, அல்லது பொங்கல் கழிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை ஏற்ற காலம். அதற்குப்பின் தேர்வு நெருங்கிவிடும்.

கேள்வி: எங்கள் வகுப்பில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவி ஒருவரும் பார்வைக் குறைபாடுள்ள மாணவர் ஒருவரும் இருக்கிறார்கள். சிரமமாக இருக்கும் என்று இருவரையும் வீட்டில் விட்டுச் செல்லலாம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– வகுப்பாசிரியை, வியாசர்பாடி

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி. அந்த இருவரும் வரமுடியாத சுற்றுலாவை வகுப்புச் சுற்றுலா என்று அழைக்க முடியாது. நான் மேலே சொன்ன முன்பார்வைக்குச் செல்லும்போது, மாணவியின் பெற்றோரில் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கட்டடத்தில் சாய்தளம் உண்டு, எங்கே படிகள் மட்டும் உள்ளன என்பது உங்களைவிட அவர் கண்ணுக்குத்தான் விரைவில் படும். மேல்தளத்தில் உள்ள ஒரு பொருள் அந்த மாணவிக்கு எட்டாது என்றால், அதை முழு வகுப்பின் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டுக் கீழ்த்தளத்தில் உள்ள வேறொன்றைச் சேருங்கள். அவரை மட்டும் கீழே உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே சென்று வருவது, அந்தப் பிள்ளையின் மனத்தில் நெடுங்காலம் தங்கிவிடும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்காக, சில பொருள்களையோ அவற்றின் நகல்களையோ தொட்டுப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று எழுத்து மூலம் முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டால், கைக்கோடரியின் வடிவத்தைக் களிமண்ணில் செய்து உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்கும்போது அது அவர் கையில் இருக்கட்டும். பார்ப்பதைச் சொற்களால் விவரிக்கும் பொறுப்பை அவருடைய நண்பர்களுக்குக் கொடுங்கள். விவரிக்கும் பிள்ளைகளும் அன்று கூடுதலாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: திரும்பி வந்தபின் வழக்கம்போல் கட்டுரை எழுதச் சொல்கிறோம். எல்லாக் கட்டுரைகளும் ‘நாங்கள் காலையில் பேருந்தில் ஏறினோம்’ என்றே தொடங்குகின்றன. வேறு என்ன செய்யலாம்?
– தமிழாசிரியர், கொளத்தூர்

பதில்: வகுப்பிலேயே ஒரு வாரத்துக்குச் சிறிய காட்சி ஒன்றை அமையுங்கள். பாட்டி வீட்டிலிருந்து படி, உழக்கு, வெற்றிலைப் பெட்டி, திரிவிளக்கு, பழைய குடும்ப அட்டை, கைராட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு என்று ஆளுக்கொரு பொருள் வரட்டும். விலைமதிப்புள்ள எதையும் கொண்டுவர வேண்டாம் என்று பெற்றோருக்குத் தெளிவாக எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பட்டையைப் பிள்ளையே எழுத வேண்டும்: பொருளின் பெயர், எதனால் ஆனது, எங்கே வாங்கியது அல்லது செய்தது, யார் பயன்படுத்தினார், எப்போது பயன்பாட்டிலிருந்து நின்றது, ஏன் நின்றது. ஆறு வரிக்கு மேல் கூடாது என்று வரம்பு வையுங்கள். ஏன் நின்றது என்ற வரிக்குத்தான் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ஊரின் வரலாறு அந்தப் பேச்சில்தான் வெளிவரும். பயன்படுத்தியவரின் பெயரும் ஊரும் இல்லாத அட்டையைத் திருப்பிக் கொடுத்து, மறுநாள் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். காட்சி நடக்கும் வாரத்தில் மற்ற வகுப்புப் பிள்ளைகள் வரும்போது, பொருளைக் கொண்டுவந்தவரே அருகில் நின்று விளக்கட்டும். கட்டுரைக்கான மதிப்பெண்ணை அந்த அட்டைக்கும் விளக்கத்துக்கும் கொடுத்துவிடலாம்.